மாட்டுவண்டிக்கு முன்னால் பிந்திய நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. கனடாவில் இருக்கும் மகள் காசு கட்டி, ஒரு சுற்றுலாக் குழுவோடு என்னைக் கம்போடியாவுக்கு அனுப்பிவைத்தாள். பழங்கோயில்கள் நிறைந்த அங்கோருக்கு ஒதுக்கியது ஒரே நாள். விடிய நாலரைக்கு எழுப்பினார்கள். இருட்டில் தடாகக் கரையில் நின்று சூரியன் வருவதைப் பார்த்தோம். பிறகு மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கோர் வாட், பாயோன், தா புரோம் மூன்று கோயில்களும் மத்தியானத்தோடு முடிந்தன. கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்.

தா புரோம் பாதையோரம் மிதிவெடியில் காலிழந்தவர்கள் சிலர் இருந்து வாத்தியம் வாசித்தார்கள். ஒருவர் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். குழுவில் பலர் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. காசைப் போட்டுவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்துவிட்டேன். பாயோனில் ஒரு மாட்டுவண்டிச் சிற்பத்தை ஏனோ படம் எடுத்தேன். அதனால் பிந்தி, வழிகாட்டியிடம் பேச்சும் வாங்கினேன்.

இப்போது சனசமூக நிலையத்தில் பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். இந்த ஓட்டத்தில் நான் எதைப் பார்த்தேன் என்று பேசுவது? அடுத்தவர் துயரத்தை வேடிக்கை பார்க்கவா இவ்வளவு செலவழித்தோம்?

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மாட்டுவண்டிதான். பாயோன் கோயிலின் வெளிச்சுற்றில், கிழக்குப் பக்கச் சுவரில், அந்நாட்டின் கெமர் மன்னர் படை போருக்குப் போகிறது. யானைமேல் தளபதிகள், ஈட்டியோடு காலாட்கள். அவர்களோடு சனங்களும் போகிறார்கள். கூடார வண்டிகள், சுமை தூக்கிய பெண்கள், கூடவே நடக்கும் பிள்ளைகள். ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய கோயில் அது. அங்கே 200க்கும் மேற்பட்ட கல் முகங்கள் இருப்பதால் குழுக்களை முகங்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வைத்துவிட்டு நகர்த்திவிடுவார்கள். நீங்கள் வண்டிக்கு முன்னால் நின்றீர்கள். 2008இல் போரால் மல்லாவியை விட்டுக் கிளம்பியபோது, கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி, சட்டி பானையோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய ஊர் உங்களுடையது. படைகள் நகரும்போது சனங்களின் அடுப்பும் சேர்ந்து நகர்வதை அந்தச் சிற்பி கண்டிருக்கிறான். எண்ணூறு வருடம் கழித்து அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை.

குழுவாகப் போனதில் தவறே இல்லை. மொழி தெரியாத நாட்டில் தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்த மஞ்சள் கொடி ஒரு காவல். எனக்குக் கோபமெல்லாம் பயணத் திட்டத்தின் மீதுதான். அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள், நடுவில் திருமால். இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய கோயில் என்பதால், அந்தக் கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு ஒவ்வொரு முகமாகப் பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கிறது. கொடியின் வேகத்தில் நடந்தால் அது ஒரு நிமிடச் சுவர். கடையில் கழிந்த ஒன்றரை மணி நேரத்தை அங்கே கொடுத்திருக்க வேண்டும். ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டொலர், மூன்று நாள் சீட்டு 62 டொலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விரும்பிய நாட்களில் பயன்படுத்தலாம். அடுத்து யாராவது போவதாக இருந்தால், காசு கட்டும் முன்பே இதைக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டொலர் காந்தா போபா சிறுவர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. உங்கள் மகளின் காசிலும் ஒரு பங்கு ஏதோ ஒரு பிள்ளையின் மருந்தாகியிருக்கும்.

இனி, உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன்.

2010இல் நாங்கள் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். ஏ9 வீதியோரம் போரில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். தாங்கியைப் படம் எடுத்த கையோடு எங்கள் கொட்டிலையும் எடுத்தார்கள். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கமரா தன் பக்கம் திரும்பியதும், ஒரு கையால் பானையைப் பிடித்தபடியே மறுகையால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோள்பக்கக் கிழிசலை மூடினார். அதை நான் இன்றும் மறக்கவில்லை.

அப்படி வந்த ஒரு பஸ்ஸிலிருந்து வயதான சிங்களப் பெண் ஒருவர் இறங்கி வந்து, சைகையால் தண்ணீர் கேட்டார். குடித்தார். கொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பஸ் ஹோர்ன் அடித்ததும் போய்விட்டார். அம்மா கண்மூடும்வரை அவரைப் பற்றிப் பேசினார்.

பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், ரீச்சர். அதனால்தான் உங்கள் கை கமராவை எடுக்கவில்லை. அதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகத்தைப் பார்க்காமல் வந்ததை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை. அவர்கள் அங்கே கை நீட்டி இருக்கவில்லை, வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பவருக்குக் காசோடு காதும் வேண்டும். ஒரு பாட்டு முடியும்வரை நின்று, கண்ணைப் பார்த்துத் தலையசைத்திருந்தால் போதும். கொடி அவசரப்படுத்தியது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வண்டிக்காகப் பிந்திய நீங்கள் இதற்காகவும் பிந்தியிருக்கலாம்.

கம்போடியாவில் 1979க்குப் பிறகு மிதிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். சனசமூக நிலையத்தில் இதைச் சொல்லும்போது, முகமாலையில் மிதிவெடி அகற்ற வெயிலில் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய பெண் யாராவது முன்வரிசையில் இருக்கக்கூடும். அவர் உங்களைவிட அதிகம் சொல்வார், சொல்ல விடுங்கள். பிள்ளைகளுக்கு மகாவாவைப் பற்றிச் சொல்லுங்கள். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்ட எலி அது. தன் பணிக்காலத்தில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட மிதிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்தது. 2020இல் பிரித்தானிய அமைப்பொன்று விலங்குகளுக்கு வழங்கும் தங்கப் பதக்கத்தையும் பெற்றது.

சூரிய உதயப் படங்களைக் கடைசியில் காட்டலாம். வண்டியிலிருந்து தொடங்குங்கள். நாளைக் குறித்ததும் எனக்கு அறிவியுங்கள், கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அந்த வண்டிப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வையுங்கள். சில்லையும் கூடாரத்தையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி