டப்ளினில் ஒரு பெரிய சாப்பாடு: வாசகர் கேள்வி-பதில்

டப்ளினில் வேலை பார்க்கும் மகள், பார்னெல் சதுக்கத்து ‘சாப்டர் ஒன்’ போன்ற உயர்தர உணவகத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறாள். நாங்கள் முட்டையும் தொடாத சைவம். வெறும் ரொட்டியும் வெண்ணெயும்தானா எங்களுக்கு?
- வாசகி, கும்பகோணம்

அப்படி ஆகாது. ஆனால் மேசை பதியும்போதே சொல்லிவிட வேண்டும். சிறுசிறு தட்டுகளாக வரிசையாக வரும் ‘டேஸ்டிங் மெனு’தான் இத்தகைய இடங்களில் வழக்கம். அதற்கான எலும்புச் சாறு முன்கூட்டியே காய்ச்சித் தயாராக இருக்கும். உட்கார்ந்த பிறகு சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள். சாற்றை என்ன செய்ய முடியும்? ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை சாப்பிடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். “முட்டை, மீன், எலும்புச் சாறு, ஜெலட்டின், இறைச்சிக் கொழுப்பு வேண்டாம், பால், வெண்ணெய் ஆகும்” என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். சீஸ் வந்தால், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறைய வைத்ததா என்று கேளுங்கள்.

ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்துச் சைவம் என்று முடிவு கட்டாதீர்கள். அயர்லாந்துச் சட்டப்படி 14 வகைப் பொருள்களை எழுத்தில் காட்டியாக வேண்டும். முட்டை, மீன், பால் அதில் உண்டு. கோழிச் சாறும் பன்றிக் கொழுப்பும் இல்லை.

பிளாக் புடிங் என்றால் இனிப்புதானே?
- வாசகர், சேலம்

இல்லவே இல்லை. பன்றி ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி சேர்த்த தொத்திறைச்சி அது. வொயிட் புடிங்கில் ரத்தம் இருக்காது, பன்றி இருக்கும்.

அங்கே பரிமாறும் சோடா ரொட்டியை வீட்டில் செய்தால் சோப்பு வாடை. உள்ளே மஞ்சள் புள்ளிகள். ஏன்?
- வாசகி, கோவை

ஆப்ப சோடா கூடிவிட்டது, அல்லது அதற்கு ஈடான புளிப்பு இல்லை. மிஞ்சிய சோடா மாவின் நிறத்தை மஞ்சளாக்கும். கட்டி உடையாமல் கிடந்த இடங்களில்தான் புள்ளி விழும். 450 கிராம் மைதாவுக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா போதும். அதே அளவு உப்பு சேர்த்துச் சலித்துவிடுங்கள். நம் வீட்டு நீர்மோர் உதவாது. நன்கு புளித்த தயிர் 300 மில்லியை 100 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்து, மாவு சேருமளவு மட்டும் ஊற்றுங்கள்.

சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது. பிசைந்தால் ரொட்டி இறுகும். சேர்ந்ததும் 4 செ.மீ. கனத்தில் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போடுங்கள். ஓவன் அடுப்பு முன்பே சூடாகியிருக்க வேண்டும். புளிப்பு பட்ட கணமே சோடா வாயுவை விடத் தொடங்கும். மாவைக் காத்திருக்க வைத்தால் வாயு போய், ரொட்டி தட்டையாகும். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடியில் தட்டினால் ‘டொக்’கென்று வெற்றொலி கேட்க வேண்டும். ஈரமான ‘தப்’ என்றால் கவிழ்த்து வைத்து இன்னும் ஐந்து நிமிடம்.

டிப்ஸ் எவ்வளவு?
- வாசகர், நெல்லை

பில்லைப் படியுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் 12.5% சேவைக் கட்டணம் தானாகவே ஏறியிருக்கும்; அதற்கு மேல் வைக்கத் தேவையில்லை. ஏறாவிட்டால் 10 முதல் 15 சதவீதம். அந்தப் பணத்தை ஊழியர்களுக்கு எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதை, 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உணவகம் அறிவிப்பாக வைத்திருக்க வேண்டும்.