ரேடார் துறையில் அரசு உயர்பதவி: எம்.டெக் இல்லாமல் முடியுமா?

கேள்வி: பி.இ. ஈ.சி.இ. முதல் வகுப்பு. எட்டு வருடமாகத் தனியார் நிறுவனத்தில் ரேடார் சிக்னல் பிராசசிங் வேலை. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் நேரடியாக மேல்நிலை விஞ்ஞானியாகச் சேர எம்.டெக் வேண்டுமா? கேட் நுழைவுத் தேர்வை மறுபடி எழுத வேண்டுமா?

கேட் கவலையை முதலில் விடுங்கள். கேட் மதிப்பெண் கேட்பது விஞ்ஞானி 'பி' என்கிற தொடக்கப் பதவிக்குத்தான். அதற்கு மேலே உள்ள சி, டி, இ, எஃப் பதவிகளுக்கு டிஆர்டிஓவின் ஆள்சேர்ப்பு மையமான ஆர்ஏசி தனி விளம்பரம் வெளியிடும், அனுபவத்தை வைத்து விண்ணப்பங்களைச் சலித்து நேர்முகத்துக்கு அழைக்கும். சம்பளம், ஏழாவது ஊதியக் குழுப்படி சி பதவிக்கு அடிப்படை 67,700 ரூபாய், டி பதவிக்கு 78,800, படிகள் தனி.

எம்.டெக் பெரும்பாலும் 'விரும்பத்தக்க தகுதி' என்றுதான் வரும். 'அத்தியாவசியத் தகுதி' முதல் வகுப்புப் பொறியியல் பட்டமும், விளம்பரத்தில் சொன்ன அதே துறையில் சொன்ன அத்தனை வருட அனுபவமும். பலருக்கு இடிக்கிற இடம் இந்த அனுபவம்தான்; உங்களிடம் இருக்கிறது, ஆனால் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். 'சீனியர் இன்ஜினியராக எட்டு வருடம் பணிபுரிந்தார்' என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வைத்துக்கொண்டு, நீங்கள் ரேடார் செய்தீர்களா செல்போன் செய்தீர்களா என்று சலிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இலக்கின் வேகத்தை அளக்கும் பல்ஸ் டாப்ளர், இலக்குகளைப் பின்தொடரும் டிராக்கிங், எஃப்பிஜிஏ சிப் நிரலாக்கம் என்று செய்த வேலையையும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் எழுதி வாங்குங்கள். இதை இப்போதே ஹெச்ஆரிடம் கேளுங்கள், விளம்பரம் வந்த பிறகு மூன்று வாரத்துக்குள் வாங்குவது பெரிய பாடு. அனுபவம் பட்டம் பெற்ற பிறகு உள்ளதுதான் கணக்கில் வரும், வயதும் அனுபவமும் விளம்பரம் குறிப்பிடும் கடைசித் தேதியை வைத்தே பார்க்கப்படும்.

எந்த ஆய்வகம் என்று பார்த்தால், பெங்களூருவில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகமான எல்ஆர்டிஇ முழுக்க ரேடார், தேஜஸ் போர் விமானத்துக்கான உத்தம் ரேடார் அங்கே உருவானதுதான். அதே ஊரில் உள்ள டேர் ஆய்வகம், எதிரியின் ரேடாரைக் கண்டறிந்து குழப்புகிற மின்னணுப் போர்முறையும், ஏவியானிக்ஸ் என்கிற விமான மின்னணுவியலும். உங்கள் வேலை விமானத்தில் ஏறுகிற கருவியாக இருந்தால், மென்பொருளுக்கு டிஓ-178சி, வன்பொருளுக்கு டிஓ-254 என்கிற விமானப் பாதுகாப்புத் தரநெறிகள், அப்புறம் மில்-ஸ்டாண்டர்டு 1553பி தரவு இணைப்பு, இவற்றில் நிஜமாகக் கை வைத்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். இதற்கென்று ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நேர்முகத்துக்கு அடிப்படையைத் திரும்பப் படியுங்கள். எட்டு வருடம் ஒரே மாட்யூலில் இருந்தவர்கள் ரேடார் சமன்பாட்டில் தடுமாறுவதுண்டு. தூரத்தை இரட்டிப்பாக்க ஏன் 16 மடங்கு திறன் வேண்டும் என்று கேட்டால், வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்ட வரவேண்டும்.