ஏர் பெட் போட்டும் அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டதே, டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில்தான் இருக்கிறார். ஏர் பெட் வாங்கிப் போட்டும், இடுப்புக்குக் கீழே பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. ஒரு குதிகாலில் கறுப்பாக ஒரு இடம். பவுடர் போட்டுத் தேய், காற்றடித்த டியூப் மேல் உட்கார வை என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் மணிக்கணக்கில் நசுங்கி, அங்கே ரத்தம் ஓடாமல் போவதால்தான் இந்தப் புண் வருகிறது. தேய்த்தால் நசுங்கிய சதை இன்னும் கெடும். டியூபோ சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கும் இடத்துக்கு வருகிற கொஞ்ச நஞ்ச ரத்தத்தையும் தடுத்துவிடும்.

ஏர் பெட் வாங்கியது நல்லதுதான், ஆனால் அது அம்மாவைப் புரட்டிப் போடாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். மோட்டார் நின்றால் அது வெறும் ரப்பர் தாள். இப்போதே ஏர் பெட்டுக்கு அடியில், அம்மாவின் இடுப்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று மாற்றிப் படுக்க வையுங்கள். புண் ஆறும்வரை மல்லாக்க வேண்டாம். முழுக்க ஒருக்களிக்கவும் வேண்டாம், பாரம் இடுப்பு எலும்பில் இறங்கி அங்கே புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகி, கொஞ்சம் சாய்ந்தாற்போல இருந்தால் போதும். நகர்த்தும்போது தரதரவென்று இழுக்காதீர்கள். பழைய வேட்டியை நான்காக மடித்து அம்மாவுக்கு அடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வையுங்கள், அப்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோள் பிசகிவிடும். சாப்பாட்டுக்கு நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முடிந்து அரை மணி நேரம் கழித்துத் தலைப்பக்கத்தை இறக்கிவிடுங்கள். நாள் முழுக்க உயர்த்தியே வைத்தால் உடம்பு சரிந்து சரிந்து தோல் உரியும்.

ஒவ்வொரு முறை புரட்டும்போதும் முதுகு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

புண்ணை மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்பு நீரால் கழுவினால் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஃபேன் காற்றில் காய வைப்பதும், பல்பு வெளிச்சம் காட்டுவதும் தப்பு. லேசான ஈரத்தில்தான் புதுத் தோல் வளரும், அதனால் பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாதபடி பாரஃபின் பசை தடவிய வலைத்துணி) வைத்து மூடுங்கள். ஆனால் சுற்றியுள்ள தோல் சிறுநீரிலோ வியர்வையிலோ ஊறக் கூடாது. நம் கடலோரப் புழுக்கத்தில் ரப்பர் ஷீட் மேல் நேராகப் படுக்க வைக்கவே கூடாது, மேலே பருத்தித் துணி விரியுங்கள். டயப்பர் நனைந்ததும் மாற்றி, துடைத்து, வாசலின் தடவுங்கள்.

அப்புறம் சாப்பாடு. வெறும் கஞ்சியை வைத்துக்கொண்டு எந்தப் புண்ணும் ஆறாது. 50 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமமில்லை என்றால் முள் எடுத்த மீன், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள், காரம் குறைத்த சுறாப் புட்டுகூடக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தால் என்ன கொடுத்தும் பலனில்லை.

எனக்குக் கவலை இடுப்புப் புண்ணைவிட அந்தக் குதிகால்தான். காய்ந்த கறுப்புப் பொருக்கு என்றால் பிய்க்காதீர்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்துவிட்டு, இந்த வாரமே ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். காய்ச்சல், நாற்றம், சீழ் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். மற்றபடி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை புண் பக்கத்தில் அதே நாணயத்தை வைத்து ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு வாரத்தில் சுருங்காவிட்டால் அந்தப் படங்களோடு டாக்டரைப் பாருங்கள்.