செடி பிழைக்கும், மருமகளைக் கவனியுங்கள்

கேள்வி: மகன் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான். போன ஆனியில் போயிருந்தபோது வீட்டுக்குப் பின்னால் பியோனி, ஹோஸ்டா, டேலியா எல்லாம் ஆசையாக நட்டுவிட்டு வந்தேன். இப்போது முழங்கால் அளவு பனி மூடிக் கிடக்கிறது. செடி மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று பயந்து, பனியை அள்ளிப் போடும்படி மருமகளுக்கு வீடியோ காலில் சொன்னேன். ஏழு மாதம் என்பதால் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். செடிகள் பிழைக்குமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கடிதம் முழுக்கச் செடிதான். மருமகள் மாசமாக இருப்பது, வேலை பாதியில் நின்றதற்குக் காரணமாக மட்டும் வருகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

வின்னிபெக்கில் தை மாதத்து இரவுக்கு மைனஸ் 20 டிகிரி சாதாரணம். பனியை அள்ளிய இடத்தில் அடியில் வழவழவென்று ஐஸ் இருக்கும். அங்கேதான் பிள்ளைத்தாய்ச்சியைக் குனிந்து வாரச் சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊரில் ஏழு மாதக்காரி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால், பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் மகன் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தான்? மாமியார் பேச்சைத் தட்ட மனசில்லாமல்தான் அந்தப் பெண் போயிருப்பாள். வீட்டுக்குப் பெரியவர் நீங்கள், அவள் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் அது செடிக்கே ஆகாத வேலை. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அந்தக் காற்று அசையாமல் அடைந்து நிற்பதால் வெளிக்குளிர் மண்ணுக்குச் சுலபமாக இறங்காது. பனியை வாரிவிட்டால் பகலில் இளகி, ராத்திரியில் உறைந்து, மண் உப்பி வேரை மேலே தள்ளிவிடும். செடி சாவது அப்படித்தான்.

மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு பார்த்திருப்பீர்கள். கொடி காய்ந்து கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், மழை கண்டதும் துளிர்க்கும். பியோனியும் அப்படித்தான், ஓரிரு அங்குல ஆழத்தில் சிவந்த மொட்டுகளை வைத்துக்கொண்டு உறங்குகிறது. நல்ல குளிரில் கிடந்தால்தான் அது பூக்கவே பூக்கும். ஹோஸ்டாவுக்கும் பயமில்லை. டேலியா மட்டும் தேறாது. அதன் கிழங்கு உறைந்தால் அழுகிவிடும். ஐப்பசியிலேயே தோண்டி எடுத்து வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கும் மருமகளைக் குறை சொல்லிவிடாதீர்கள், நட்டது நீங்கள்.

வாரிய இடத்தில் பனி தானாக மறுபடி சேரும். சித்திரையில் கரைந்ததும் பியோனி தலைகாட்டும், ஹோஸ்டா வைகாசி வரைகூட இழுக்கும். அதற்குள் செத்துவிட்டது என்று யாரும் தோண்ட வேண்டாம். வாசலில் நடக்கிற வழியில் மட்டும் பனியைத் தள்ளினால் போதும், அது உங்கள் மகன் வேலை. ஐஸ் இளகுவதற்காக வழியில் உப்புத் தூவுவார்கள், அந்த உப்புப் போட்ட பனியைப் பாத்திமேல் கொட்டாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கே மருமகளைக் கூப்பிடுங்கள். தோட்டத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா, கால் வீக்கம் இருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று. பங்குனியில் பிரசவம் வரும். சம்பந்தியம்மா போகிறார்களா, நீங்கள் போகிறீர்களா? டிக்கெட் போட்டாயிற்றா?