ஒரே குத்துவிளக்கு, மூன்று எண்கள்

கேள்வி: ஐயா, அப்பாவுக்குப் பிறகு மார்க்கெட் ஸ்திரீட் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். கும்பகோணத்திலிருந்து வரவழைத்த பித்தளை விளக்குகள், சுங்க வகைப்பாட்டு எண் சரியில்லை என்று ஒன்பது நாள் துறைமுகத்தில் நின்றன. வர்த்தகச் சங்கத்தைக் கூப்பிட்டேன். ‘ஒரு கடையின் சரக்குக்காக நாங்கள் பேச முடியாது’ என்றார்கள். அப்படியானால் சந்தா எதற்கு?
— வாசகர், ஜோர்ஜ் டவுன்

பதில்: தீபாவளிக்கு முன்னால் ஒன்பது நாள் சரக்கு முடங்கினால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், தம்பி. முப்பது ஆண்டுகள், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் கே1 என்னும் இறக்குமதி அறிவிப்புப் பாரம் நிரப்பியவன் நான். பிறகு சங்கச் செயலவையிலும் இருந்தேன். ஓர் உறுப்பினரின் சரக்கை மட்டும் விடுவிக்கச் சொல்லிச் சங்கம் பேசினால் அது சிபாரிசு. அப்படிப்பட்ட சங்கத்தின் பேச்சு அடுத்த கூட்டத்தில் எடுபடாது. ஆகவே மறுத்தது சரி. அத்தோடு தொலைபேசியை வைத்ததுதான் தவறு. ‘உங்கள் கே1 நகலை அனுப்புங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் காலத்திலும் இதே விளக்குதான். ஓர் ஏஜண்ட் அதை விளக்கு என்று 94.05-இல் போட்டார். இன்னொருவர் அலங்காரப் பொருள் என்று 83.06-இல் போட்டார். மூன்றாமவர், பித்தளை செம்புக் கலவைதானே என்று வீட்டுச் சாமான்களோடு 74.18-இல் சேர்த்தார். மூவரும் பொய் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத விளக்குக்கும் 94.05-இல் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆனால் எண் மாறினால் தீர்வையும் வரியும் மாறக்கூடும். பழைய கணக்கைத் தோண்டும்போது கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏழு கடைகளின் பாரங்களைப் பெயர் மறைத்து ஒரே மேசையில் பரப்பினோம். சுங்க அதிகாரிகளோடு நடந்த கூட்டத்துக்கு விளக்கையே தூக்கிச் சென்றோம். உச்சியில் அன்னம் நிற்பதைப் பார்த்தால், கோயில் பக்கம் போகாதவருக்கு அது சிலையாகத்தானே தெரியும்? எண்ணெய் ஊற்றும் குழியையும் திரி வைக்கும் முகங்களையும் தொட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ‘எந்த எண் என்று இறக்குமதிக்கு முன்பே எழுத்துமூலம் சுங்கத் தீர்மானம் கேளுங்கள்’ என்றார்கள் அதிகாரிகள். மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. 2017 பிப்ரவரி 22-இல் நடப்புக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் வணிக வசதி ஒப்பந்தமும் முன்கூட்டியே தீர்மானம் தரச் சொல்கிறது. அந்த விண்ணப்பத்தை எழுதச் சிறு கடைகளுக்கு உதவினோமே, சந்தா அதற்குத்தான்.

உள்ளூரில் தீராதது, மலேசிய இந்தியர் வர்த்தகச் சங்கங்களின் கூட்டமைப்பான மைக்கிக்குப் போகும். அங்கிருந்து தேசிய வர்த்தகத் தொழிலியல் சங்கத்துக்கும், வரவு செலவுத் திட்டத்துக்கு முந்திய கலந்துரையாடல்களுக்கும் போகும். இது மெதுவான வழி. உங்கள் சரக்கின் மீது எழுத்துமூலம் முடிவு வந்திருந்தால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 30 நாள்தான் அவகாசம். அந்தக் கையெழுத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

கேள்வி: இந்தியச் சரக்குக்குத் தீர்வைச் சலுகை உண்டு என்கிறார்களே, எங்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆசியான்–இந்தியச் சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஒப்பந்தப் பட்டியலில் உங்கள் பொருள் இருந்தாலும் சலுகை தானாக வராது, அம்மா. அனுப்புகிறவர் அங்கே ஏஐ படிவம் என்னும் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். பொதுவான விதிப்படி 35 விழுக்காட்டு மதிப்பாவது அங்கே சேர்ந்திருக்க வேண்டும். செய்து முடித்த பொருளின் வகைப்பாட்டு எண்ணும் மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். நான் அதிகம் பார்த்த சிக்கல் வேறு: சான்றிதழில் ஓர் எண், கே1-இல் வேறோர் எண். கப்பல் கிளம்புமுன் சான்றிதழின் நகலை வரவழைத்து, உங்கள் ஏஜண்டையும் பக்கத்தில் உட்காரவைத்து, எண்ணையும் பொருள் விவரத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்தம் கேட்டு அலைவதில்தான் நாள் போகிறது.