47 விழுக்காடு, எதில்?

பொருளியல் படித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வந்தவன் நான். உலக வணிகம், தானியக்கம் பற்றிக் கேளுங்கள். சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை; கேட்டவரின் வட்டாரமே பெயராக நிற்கிறது.

ஈசூன்: அண்ணே, 47 விழுக்காடு வேலை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அது 2013இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளைப் பற்றிச் சொன்னது. 702 தொழில்களை எடுத்து, இயந்திரத்தால் செய்ய முடியுமா என்று கணித்தார்கள். முடியும் என்பது வேறு, முதலாளி காசு போட்டு வாங்குவார் என்பது வேறு. 2016இல் ஓஇசிடி எனும் பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட ஆய்வு, ஒரு தொழிலுக்குள் இருக்கும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தது. கணக்கர் கணக்கு மட்டுமா எழுதுகிறார்? வாடிக்கையாளரிடம் பேசுகிறார், வரிக் கேள்விக்குப் பதில் சொல்கிறார். அப்படிப் பார்த்ததில் வந்தது 9 விழுக்காடு. விழுக்காட்டைக் கண்டால் 'எதில்?' என்று கேட்காமல் பகிராதீர்கள்.

உட்லண்ட்ஸ்: நான் கணக்கர். என் வேலை?

மேலே படியுங்கள்.

ஜூரோங்: எந்தப் பங்கு வாங்கலாம்?

என் துறை இல்லை.

பொங்கோல்: செங்கடல் சண்டை நம்மை ஏன் பாதிக்கிறது?

2023 இறுதியில் அங்கே கப்பல்கள்மீது தாக்குதல்கள் தொடங்கியதும், அவை செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. அட்டவணை குலைந்தது. கப்பல்கள் மொத்தமாக வந்து சேர, 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் நெரிசல்.

தெம்பனிஸ்: 47 விழுக்காடு உண்மையா?

எதில்?

பாசிர் பாஞ்சாங்: 18 வருஷம் பாரந்தூக்கி ஓட்டினேன். துவாஸ் புதுத் துறைமுகத்தில் கொள்கலன் வண்டி ஆளில்லாமல் ஓடுது. மேசையில் உட்கார்ந்து 'வேலைகளைப் பிரித்துப் பார்' என்பது சுலபம்.

குத்தல் நியாயமானதே. 2003இல் வடகிழக்கு ரயில் தடம் ஓட்டுநர் இல்லாமலே தொடங்கியபோது யாரும் இருக்கையை விட்டு எழ வேண்டியிருக்கவில்லை; அது புதிய தடம். துறைமுகம் அப்படியில்லை. தூக்கிக்கு ஒருவர் இருந்த இடத்தில், அறையில் உட்கார்ந்து ஒருவரே பலவற்றைக் கவனிக்கிறார். துவாஸ் முழுமையடைவது 2040களில்தான் என்பதால், இளையவர்களுக்கு அவகாசம் உண்டு. உங்கள் வயதுக்காரர்களுக்கு அது ஆறுதல் ஆகாது.

தியோங் பாரு: 40 வயதானால் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி கொடுத்தார்களே!

பாசிர் பாஞ்சாங்: கோர்ஸுக்குக் காசு சரி தம்பி. படிக்கிற மாசத்துக்குச் சம்பளம்?

2025 முதல் முழுநேரப் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு, தியோங் பாரு நண்பர் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும். சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, அதிகபட்சம் 24 மாதம்.

பாசிர் பாஞ்சாங்: பாதியா? பாதிச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டிப் பாருங்க.

சரி, அண்ணே. அடுத்த கட்டுரையில் அந்தக் கணக்கையே போடுகிறேன். 47ஐப் பற்றி இன்னும் ஆறு கேள்வி வந்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் பதில் மேலே இருக்கிறது.