கதவு திறந்திருந்தும் ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. யாரும் பயன்படுத்தலாம், காசும் கிடையாது. ஆனாலும் பெண்கள் வருவதில்லை, காலனியிலிருந்து ஒருவர்கூட வருவதில்லை. "அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்கிறார் நூலகர். அப்படித்தானா?
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஆர்வம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருஷம் ஒரு சிற்றூர் நூலகத்தில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஏழெட்டு பைக், உள்ளே ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் மூன்று பையன்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண், சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே பத்து நிமிஷம் நின்றாள், நான் எழுந்து போய்க் கூப்பிடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மேலூர் வட்டாரத்தில் 2000-களின் தொடக்கத்தில் கிராமத்துக்குக் கிராமம் இன்டர்நெட் மையம் வைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் படிக்கிற பையன்கள், ஓரளவு வசதியான வீட்டுக்காரர்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் மையம் இருந்து, அவர்களிலேயே ஒருவர் முன்நின்று அழைத்த ஊர்களில் அவர்களும் வந்தார்கள். ஆர்வம் எங்கே போயிருந்தது, சொல்லுங்கள்?

புதுச்சேரி கிராமங்களில் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்று ஊர் முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும் என்றது. மையத்தை நடத்தப் பெண்களையும் பழக்கினார்கள். வீராம்பட்டினம் என்ற மீனவ கிராமத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அதனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், அந்த அறையில் காலே வைக்காதவருக்கும்கூடச் செய்தி போய்ச் சேர்ந்தது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். எந்த நேரம் தோது என்று முதலில் பெண்களிடமே கேளுங்கள், ஏனென்றால் சாயங்காலம் அவர்களுக்குத் தண்ணீரும் அடுப்பும், பகலில் நூறு நாள் வேலை. அவர்கள் சொல்கிற இரண்டு மணி நேரத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்கி, வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கற்றுத்தர, பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணைக் காலனியிலிருந்தே உட்கார வையுங்கள், முடிந்தால் சம்பளத்தோடு. பைக்குகளை வாசலைவிட்டுத் தள்ளி நிறுத்தச் சொல்வதற்கு நூலகர் யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை, அதை நாளைக்கே செய்யலாம்.